டிஸ்கஷன் ரூமுக்குப் போகும் முன்

காமெடி எழுதப் போகிறேன் என்று வருகிற பிள்ளைகளிடம் க்ளைட் ப்ரக்மேன் என்ற பெயரைக் கேள்விப்பட்டதுண்டா என்று கேட்பேன். உதட்டைப் பிதுக்குவார்கள். பஸ்டர் கீட்டனைத் தெரிந்திருக்கும், லாரல் ஹார்டியை டிவியில் பார்த்திருப்பார்கள், 'த்ரீ ஸ்டூஜஸ்' யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. கீட்டன், ஹெரால்ட் லாயிட், லாரல் ஹார்டி, டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ், கடைசியில் ஸ்டூஜஸ் என்று இத்தனை பேருக்கும் எழுதியோ இயக்கியோ கொடுத்தவர் ப்ரக்மேன். 1894-இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் பிறந்தார். 1955-இல் கையில் காசும் இல்லாமல் வேலையும் இல்லாமல் செத்துப்போனார். இந்தத் தொழிலில் ஏறுகிற வழியும் சறுக்குகிற வழியும் அந்த ஒரு மனிதரின் பிழைப்பிலேயே இருக்கின்றன. அவர் காலத்து ஆட்கள் சிலரையும் நடுநடுவே இழுத்துக்கொள்கிறேன். எண் போட்டிருப்பது, பிறகு சந்தேகம் கேட்கும்போது "அந்த ஆறாவது" என்று சொல்ல வசதியாக இருக்கட்டும் என்பதற்காக. வேறு வரிசை எதுவும் இல்லை.

1. முதலில் வேறு ஏதாவது வேலை பாருங்கள்.

ப்ரக்மேன் வந்தது பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்திலிருந்து. ஹால் ரோச் ஸ்டூடியோவில் டைட்டில் கார்டுகளை, அதாவது ஊமைப்படத்தின் நடுவே வரும் எழுத்துகளை, எழுதிக் குவித்த எச். எம். வாக்கரும் விளையாட்டு நிருபர்தான். கீட்டனுக்கு எழுதிய ஜீன் ஹாவெஸ் மேடைக்குப் பாட்டு எழுதியவர். மேக் செனட்டிடம் காமெடி எழுதிக்கொண்டிருந்த ஃப்ராங்க் காப்ரா, கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஊர் ஊராக அலைந்தவர். திரைக்கதை எழுத்தாளன் ஆகவேண்டும் என்று கனவு கண்டு இவர்கள் தொடங்கவில்லை.

விளையாட்டு நிருபர்கள் ஏன் இந்த வேலையில் சோபித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டம் முடிந்த கையோடு எழுதிக் கொடுக்க வேண்டும். எவன் ஓடினான், எங்கே கால் இடறியது, விழுந்தவனைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவன் முகம் எப்படிப் போனது என்பதெல்லாம் மைதானத்துக்கு வராதவன் கண்ணில் தெரிய வேண்டும். ஊமைப்படக் காமெடிக்கு வேண்டியதும் அதேதான். பேச்சைக் கேட்டு எழுதுகிறவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். உடம்பைப் பார்த்து எழுதுகிறவர்கள் குறைவு. பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பேச்சு ஒன்றுகூட இல்லாமல், நடந்ததை மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத வந்தால் மேலே படியுங்கள்.

2. தபாலில் கற்றுக்கொள்ளப் பணம் கட்டாதீர்கள்.

1912-இல் அனிதா லூஸ் என்ற பெண் கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க்கில் இருந்த பயோகிராஃப் கம்பெனிக்குத் தபாலில் ஒரு கதை அனுப்பினார். 25 டாலர் வந்தது. டி. டபிள்யூ. க்ரிஃபித் அதை 'தி நியூயார்க் ஹேட்' என்ற படமாக எடுத்தார். நடித்தது மேரி பிக்ஃபோர்டு. இப்படிப்பட்ட கதைகள் காற்றில் பரவியதும் அமெரிக்கா முழுக்கச் சமையலறையிலும் கடைக் கல்லாவிலும் உட்கார்ந்து ஆளாளுக்குச் சினிமாக் கதை எழுத ஆரம்பித்தார்கள். அவர்களுக்குக் கற்றுத்தருகிறோம் என்று தபால் வழிப் பள்ளிகள் முளைத்தன. கம்பெனிகள் வெளியாள் கதைகளை வாங்குவதைக் குறைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள்ளேயே சம்பளத்துக்கு ஆள் வைத்த பிறகும் பள்ளிகள் மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தன. லூஸே 1920-இல் கணவரோடு சேர்ந்து படம் எழுதுவது எப்படி என்று ஒரு புத்தகம் போட்டார். புத்தகம் படிப்பதில் தப்பில்லை, விலை கம்மி.

3. ரூமில் வாயைத் திறங்கள். ராத்திரி நோட்டில் எழுதி வையுங்கள்.

கீட்டனின் ஸ்டூடியோவில் ஸ்கிரிப்ட் என்று ஒரு கட்டு கிடையாது. ஹாவெஸ், ஜோசஃப் மிட்செல், ப்ரக்மேன், கீட்டன் நாலு பேரும் ஓர் அறையில் உட்காருவார்கள். முதலில் ஆரம்பத்தைப் பிடிப்பார்கள். அடுத்து நேராக முடிவுக்குப் போவார்கள். முடிவு சிக்கவில்லையென்றால் அந்தக் கதையையே கைகழுவிவிட்டு வேறொன்றுக்குப் போவார்கள். இரண்டும் கிடைத்துவிட்டால் நடுவில் உள்ளது தானாக வந்து சேரும் என்பது கீட்டனின் நம்பிக்கை. எங்காவது முட்டிக்கொண்டால் எல்லோரும் எழுந்து வெளியே போய் பேஸ்பால் ஆடுவார்கள். யாருக்காவது வழி தோன்றினால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிவருவார்கள்.

இப்படித்தான் 'த்ரீ ஏஜஸ்', 'அவர் ஹாஸ்பிடாலிட்டி', 'ஷெர்லாக் ஜூனியர்', 'தி நேவிகேட்டர்', 'செவன் சான்சஸ்' எல்லாம் 1923-லிருந்து 1925-க்குள் வரிசையாக வந்தன. இதில் எந்த பிட், அதாவது எந்தச் சிரிப்புத் துணுக்கு, யாருடையது என்று அந்த நாலு பேராலும் சத்தியம் செய்து சொல்லியிருக்க முடியாது. ஒருத்தர் அரைகுறையாகச் சொன்னதை இன்னொருத்தர் உடைப்பார், மூன்றாமவர் திருப்பிப் போடுவார், கீட்டன் எழுந்து விழுந்து காட்டுவார். நீங்கள் போகிற டிஸ்கஷனும் அப்படித்தான் இருக்கும். "இது நான் சொன்னது சார்" என்று முந்திக்கொண்டு சொல்கிறவனை இரண்டாம் நாள் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும் தேதி போட்டு, அன்று பேசியது என்ன, அதில் நீங்கள் கொடுத்தது என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். பின்னால் உங்கள் பங்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரிய வேண்டும் அல்லவா? ப்ரக்மேனுக்கு நேர்ந்ததை பதினான்காவதில் சொல்கிறேன்.

4. ஆளைப் பிடியுங்கள், பிட் பிறகு வரும்.

ஹாரி லாங்டன் மேடையிலிருந்து மேக் செனட்டிடம் வந்தபோது அவரை என்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. செனட் கம்பெனியின் காமெடி என்றால் ஓட்டம், அடி, மோதல். லாங்டனோ கண்ணைக் கொட்டிக்கொண்டு, கையை ஆட்டலாமா வேண்டாமா என்று பத்து நொடி யோசிக்கிற ஆள். எழுத்தாளர்கள் ஆர்தர் ரிப்ளியும் காப்ராவும் அந்த மந்தத்தையே பிடித்துக்கொண்டார்கள். பச்சைக் குழந்தை மனசு, உலகத்தின் சூது எதுவும் தெரியாது, ஆபத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் தெரியாது, கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். இந்த விதியை மீறிய பிட்டை எல்லாம் தூக்கிப் போட்டார்கள். கையில் செங்கல்லை எடுத்து எதிரியை லாங்டன் அடித்தால் படம் செத்தது. அந்தச் செங்கல் தற்செயலாக எதிரி தலையில் விழலாம்.

1926-இல் 'தி ஸ்ட்ராங் மேன்' பெரிய வெற்றி. அடுத்த வருஷம் 'லாங் பேன்ட்ஸ்' முடிந்ததும் லாங்டன் காப்ராவை வெளியேற்றிவிட்டுத் தானே இயக்கினார். மூன்று படங்களில் மார்க்கெட் போய்விட்டது. தன் பாத்திரம் என்னவென்று அவருக்கே புரியவில்லை என்று காப்ரா கடைசிவரை சொல்லிவந்தார். காப்ரா தன் பங்கைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், லாங்டன் மேடையில் பல வருஷம் கட்டிய பாத்திரம் அது என்கிற கட்சியும் உண்டு. எனக்கும் அந்தக் கட்சியில் பாதி நம்பிக்கை. ஆனாலும் விதி விதிதான். உங்கள் ஆள் எதைச் செய்யவே மாட்டான் என்று ஒரு சீட்டில் எழுதி எதிரே ஒட்டிவைத்துவிட்டு எழுதுங்கள்.

5. ஒவ்வொரு அடிக்கும் காரணம் வேண்டும்.

முகத்தில் க்ரீம் பையை அப்புவது 1927-லேயே அரதப் பழசு. அந்த வருஷம்தான் ப்ரக்மேன் லாரல் ஹார்டியை வைத்து 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' இயக்கினார். ஆயிரக்கணக்கான பைகள் பறந்தன. வெறுமனே எறிவதாக இருந்தால் வேண்டாம், ஒவ்வொரு பைக்கும் ஓர் அர்த்தம் இருக்கட்டும் என்பது ஸ்டான் லாரலின் பிடிவாதம்.

காட்சியைப் பாருங்கள். லாரல் தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரன், ஹார்டி அவனுடைய மேனேஜர். லாரல் பேரில் இன்சூரன்ஸ் எடுத்தாயிற்று. இனி அவன் எங்காவது விழுந்து அடிபட்டால் பணம். ஹார்டி ரோட்டில் வாழைப்பழத் தோலைப் போடுகிறான். லாரல் வழுக்கவில்லை. பேக்கரிக்காரன் தட்டோடு வருகிறான், அவன் வழுக்குகிறான். எழுந்தவன் ஹார்டி முகத்தில் ஒரு பை வைக்கிறான். ஹார்டி திருப்பி எறிந்தது குறி தப்பி, தன் பாட்டுக்கு நின்றிருந்த ஒரு பெண்மணி மேல் விழுகிறது. அவள் கத்தவில்லை, ஓடிவரவில்லை. நிமிர்ந்து, உடையைச் சரிசெய்து, மரியாதையாக நடந்துவந்து, வண்டியிலிருந்து ஒரு பையைத் தேர்ந்தெடுத்து எறிகிறாள். அதுவும் குறி தப்புகிறது. அடுத்த ஆள் வருகிறான். பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறவன்வரை போய்ச் சேர்ந்து, கடைசியில் தெருவே வெள்ளையாகிறது.

இதில் வேகத்தைக் கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் பை விழுந்த பிறகு ஒரு நிதானம் இருக்கிறது. தன் கௌரவத்தை எடுத்து மாட்டிக்கொள்ள அவகாசம் கொடுக்கிறார்கள். பார்க்கிறவன் சிரிப்பது பை விழும்போது கொஞ்சம், இவள் இப்போது என்ன செய்வாள் என்று காத்திருக்கும்போது நிறைய. எல்லாவற்றுக்கும் சிகரம், நாகரிகமாக நடந்துவருகிற ஓர் இளம்பெண் வழுக்கி ஒரு பை மேலேயே உட்கார்ந்துவிடுவது. என்ன நடந்தது என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. எழுந்து, யாரும் பார்க்காத மாதிரி காலை மட்டும் ஒரு உதறு உதறிவிட்டுப் போகிறாள். அனிதா கார்வின் என்ற நடிகை. சில நொடிகள்தான் வருவார், மறக்க முடியாது.

இந்தப் படத்தின் இரண்டாம் ரீல் பல பத்தாண்டுகள் முழுசாகக் கிடைக்கவில்லை. 1957-இல் வந்த ஒரு தொகுப்புப் படத்தில் இருந்த துண்டுகளைத்தான் எல்லோரும் பார்த்தோம். 2015-இல்தான் முழு ரீல் அகப்பட்டது. துண்டில் சண்டை இருந்தது, அது ஏறுகிற படிகள் குறைந்திருந்தன.

6. உச்சியிலிருந்து இறங்கி வாருங்கள்.

'சேஃப்டி லாஸ்ட்' படத்தில் ஹெரால்ட் லாயிட் கடிகார முள்ளில் தொங்குகிற காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. 1923-இல் வந்த அந்தப் படத்தில் கட்டடம் ஏறுகிற பகுதியைத்தான் முதலில் எடுத்தார்கள். அது நன்றாக வந்தபிறகு, இவன் ஏன் ஏற வேண்டிவந்தது என்று பின்னோக்கி யோசித்து முன்பாதியைக் கட்டினார்கள். நீங்களும் உங்கள் உச்சக் காட்சியை முதலில் எழுதுங்கள். அது சப்பென்று இருந்தால் முன்னால் உள்ள நாற்பது பக்கத்தை எழுதாமலே தப்பிக்கலாம்.

7. உங்களுக்கு ரொம்பப் பிடித்த பிட் மேல் சந்தேகப்படுங்கள்.

'தி நேவிகேட்டர்' 1924. ஆளில்லாத கப்பலில் ஒரு பணக்காரப் பையனும் ஒரு பெண்ணும் மாட்டிக்கொள்கிறார்கள். கப்பல் தரை தட்டி ஓட்டை விழுகிறது. கரையில் காட்டுவாசிகள். கீட்டன் மூழ்கு உடை மாட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கக் கடலுக்குள் இறங்குகிறார். (காட்டுவாசிகளைக் காட்டிய விதம் இன்று பார்க்கச் சகிக்காது. அந்தக் காலத்து அமெரிக்கக் காமெடியில் இந்த அசிங்கம் நிறைய உண்டு, தெரிந்தே பாருங்கள்.)

கடலடியில் ஒரு பிட் வைத்தார்கள். மீன் கூட்டம் ஒன்று விடாமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பெரிய மீன் குறுக்கே கடக்க முடியாமல் தவிக்கிறது. கீட்டன் கீழே கிடந்த நட்சத்திர மீனை எடுத்து மார்பில் ஒட்டிக்கொள்கிறார், போலீஸ் பேட்ஜ் ஆயிற்று. கையை நீட்டி மீன் கூட்டத்தை நிறுத்தி, பெரிய மீனைக் கடக்கவிட்டு, மறுபடி போக்குவரத்தைத் திறந்துவிடுகிறார். கம்பியில் கட்டி ஓட்டக் கூட்டம் கூட்டமாக ரப்பர் மீன்கள் செய்தார்கள். எழுதியவர்கள், நடித்தவர், மீன் செய்தவர்கள் எல்லோருக்கும் உயிரான பிட்.

ப்ரிவியூவில் ஒருவரும் சிரிக்கவில்லை. தியேட்டரைக் குறை சொல்லி இன்னொரு தியேட்டரில் போட்டுப் பார்த்தார்கள், அங்கேயும் கப்சிப். கடைசியில்தான் காரணம் உறைத்தது. மேலே அந்தப் பெண் ஆபத்தில் தனியாக நிற்கிறாள், இவன் கீழே மீனுக்கு ட்ராஃபிக் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜனங்களுக்குக் கோபம். ஓட்டையை அடைக்கிற வேலையோடு ஒட்டிய சின்னச் சின்ன பிட்டுகளுக்கெல்லாம் அதே ஜனங்கள் சிரித்தார்கள். மீனை வெட்டி எறிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே பிட்டை ட்ரெய்லரில் போட்டபோது தியேட்டர் அதிர்ந்ததாம். அங்கே காப்பாற்ற யாரும் இல்லையே.

நம் ஊரில் காமெடி ட்ராக்கைத் தனியாக எழுதித் தனியாக எடுத்து ஒட்டுகிற பழக்கம் இருந்தது. அது ட்ரெய்லருக்கு எழுதுகிற மாதிரிதான். சிரிப்பு வரும், கதை நிற்கும்.

8. தியேட்டரில் பின்வரிசையில் உட்காருங்கள்.

மீனை எடுத்ததும் பாறையைச் சேர்த்ததும் ஒரே ஆட்கள்தான். 'செவன் சான்சஸ்' கீட்டனுக்கு விருப்பமில்லாத நாடகம், கம்பெனி தலையில் கட்டியது. குறிப்பிட்ட நேரத்துக்குள் கல்யாணம் செய்தால் 70 லட்சம் டாலர் சொத்து என்று கதை. மணப்பெண் கோலத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் துரத்த, கடைசியில் ஒரே ஓட்டம். ப்ரிவியூவில் படம் சுமாராகப் போய்க்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட கடைசியில் கீட்டன் ஒரு மலைச்சரிவில் ஓடி இறங்குகிற இடத்தில் திடீரென்று வெடிச்சிரிப்பு. எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. ஃபிலிமை மறுபடி ஓட்டிப் பார்த்தால், ஓடும்போது கால் பட்டு ஒரு கல் பெயர்ந்து, அது இன்னும் இரண்டைத் தட்டிவிட்டு, மூன்றும் அவர் பின்னாலேயே உருண்டு வந்திருக்கின்றன. திட்டமிட்டதே இல்லை.

அவ்வளவுதான். திரும்பிப் போய்க் காகிதக்கூழிலும் கம்பி வலையிலும் பொய்ப் பாறைகள் செய்தார்கள். சின்னதிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலேவரை சுமார் 1,500. அவற்றை உருட்டிவிட்டு, நடுவில் கீட்டன் நெளிந்து வளைந்து ஓடினார். இன்று அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் பார்ப்பது அந்த மலைச்சரிவுக்காகத்தான்.

பேசும்படம் வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. மார்க்ஸ் சகோதரர்களின் 'எ நைட் அட் தி ஓபரா' 1935-இல் எடுக்கப்படும் முன், முக்கியக் காட்சிகளை நாடகமாக்கி ஊர் ஊராகப் போட்டுப் பார்த்தார்கள். எந்த வரி விழுகிறது, சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்த வசனத்தை எப்போது ஆரம்பித்தால் காதில் விழும் என்று கணக்கெடுத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு வசதி வராது. எழுதியதைச் சினிமாக்காரர் அல்லாத நாலு பேருக்குப் படித்துக் காட்டலாம். சிரித்தார்களா என்று பார்க்காதீர்கள், எந்த இடத்தில் போனை எடுத்தார்கள் என்று பாருங்கள்.

9. இது சிரிக்கிற படம் என்று முதல் நிமிஷமே சொல்லிவிடுங்கள்.

எம்ஜிஎம் 1932-இல் எடுத்த 'ரெட் ஹெடட் உமன்' கதையை ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டிடம் கொடுத்து, அவர் எழுதியது சரிப்படாமல், அனிதா லூஸிடம் வந்தது. ப்ரிவியூவில் ஜனங்கள் சிரிப்பதா முகம் சுளிப்பதா என்று தெரியாமல் விழித்தார்கள். தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க் சொன்னதும் லூஸ் படத்தின் முகப்பில் சின்னதாக ஒரு பகுதி சேர்த்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அதே காட்சிகளுக்குச் சிரிப்பு வந்தது.

10. வார்த்தையில் கஞ்சனாக இருங்கள்.

அந்தக் காலத்தில் சாதாரணமாக ஒரு படத்தில் 240 டைட்டில் கார்டு இருக்கும், என் படங்களில் அதிகபட்சம் 56 என்று கீட்டன் ஒரு பேட்டியில் கணக்குச் சொல்லியிருக்கிறார். எழுதத் தெரியாததால் அல்ல, அந்த அறையிலேயே மூன்று எழுத்தாளர்கள் இருந்தார்கள். மறுபக்கம், லூஸ் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் படங்களுக்கு எழுதிய கார்டுகளைப் படித்தே தியேட்டர் சிரித்தது. இரண்டும் சரி. கார்டு படம் சொன்னதையே திரும்பச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

11. சரித்திரத்தைப் படியுங்கள், ஆனால் வசூலை எதிர்பார்த்துப் படிக்காதீர்கள்.

'தி ஜெனரல்' படத்துக்கு விதை போட்டது ப்ரக்மேன். 1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையின் ஒற்றர்கள் ஜார்ஜியாவில் ஒரு ரயில் எஞ்சினைத் திருடிக்கொண்டு ஓடினார்கள். அதில் இருந்த வில்லியம் பிட்டெஞ்சர் எழுதிய புத்தகத்தைப் ப்ரக்மேன் கொண்டுவந்து கீட்டனிடம் கொடுத்தார். புத்தகம் வடக்குக்காரன் கண்ணில் நடப்பது. படத்தில் கதாநாயகனைத் தெற்கத்தி எஞ்சின் டிரைவராக மாற்றினார்கள். தோற்ற பக்கத்தானை வில்லனாக்கினால் ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்பது கீட்டனின் கணிப்பு. அடிமைமுறையைக் காக்க நின்ற படை அது, அந்தப் பேச்சே படத்தில் வராது. இதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பாராட்டக்கூடாது என்பது என் கட்சி.

ஓரிகனில் காட்டேஜ் க்ரோவ் என்ற ஊரில் எடுத்தார்கள். எரிகிற பாலத்தில் நிஜ எஞ்சினை ஏற்றி ஆற்றில் விழவைத்தார்கள். அந்த ஒரே ஷாட்டுக்கு 42,000 டாலர் ஆனது என்பார்கள். இயக்கம் என்று கீட்டன் பெயரோடு ப்ரக்மேன் பெயரும் வந்தது. 1927 தொடக்கத்தில் நியூயார்க்கில் வெளியானபோது விமர்சகர்கள் உதறித் தள்ளினார்கள், போட்ட பணத்துக்கு வசூல் வரவில்லை. 1989-இல் அமெரிக்க அரசு பாதுகாக்க வேண்டிய படங்களென்று முதன்முதலாக 25 படங்களைத் தேர்ந்தெடுத்தபோது அதில் இது இருந்தது. ப்ரக்மேன் போய் 34 வருஷம் ஆகியிருந்தது.

12. புதுசாக ஒன்று வரும்போது முதல் வரிசையில் போய் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது, சினிமா பேச ஆரம்பித்தது. அதன்பிறகு ஸ்டூடியோக்கள் நியூயார்க் நாடகக்காரர்களை வண்டி வண்டியாக இறக்கின. அறையில் உட்கார்ந்து விழுந்து காட்டி எழுதியவர்களுக்குக் காகிதத்தில் வசனம் எழுதுகிற வேலை புரியவில்லை. வாக்கர் கார்டு எழுதியதிலிருந்து வசனத்துக்கு மாறி, 1932-இல் ரோச்சை விட்டுப் போனார். லூஸ் மட்டும் ஊமைப்படத்திலும் பேசும்படத்திலும் ஒரே மாதிரி கெட்டிக்காரியாக இருந்தார், அவருக்கு மட்டும் காது முதலிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தது.

13. டைட்டிலில் பெயர் எப்படி வரும் என்று முதல் நாளே கேளுங்கள்.

லூஸின் கணவர் ஜான் எமர்சன் பெயர் அவருடைய எழுத்துகளில் கூடவே வரும். வேலை பெரும்பாலும் தன்னுடையது என்று லூஸ் பின்னாளில் எழுதினார். வீட்டுக்குள்ளேயே இப்படி. கீட்டன் தன் பக்கத்தில் வேறு மாதிரி. தானும் யோசித்த கதைக்கு எழுத்தாளர்கள் பெயரைத் தாராளமாகப் போட்டார், அவர்களில் பலர் தனியே போனபோது அந்தப் பெயரை நம்பி வேலை கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. உங்கள் பெயர் வராமல் போவதும் கஷ்டம், அளவுக்கு மீறி வருவதும் பின்னால் ஒரு நாள் கஷ்டம்.

14. நீங்களே எடுத்த காட்சியானாலும் யாருக்குச் சொந்தம் என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

1911-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'பென் ஹர்' வழக்கில், நாவலை அனுமதி வாங்காமல் படமாக்கியது தப்பு என்று கேலம் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதிலிருந்து கம்பெனிகள் நாவலுக்கும் நாடகத்துக்கும் காசு கொடுத்தன. பிட்டுகள் மட்டும் பொதுச்சொத்து மாதிரியே சுற்றின. மேடையிலிருந்து திருடாத காமெடியன் இல்லை.

ப்ரக்மேன் 1932-இல் லாயிடுக்கு 'மூவி க்ரேஸி' இயக்கினார். அதில் லாயிட் தெரியாமல் ஒரு மந்திரவாதியின் கோட்டை மாட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் விருந்தில் நடனமாடப் போவார். கோட்டிலிருந்து முயல், புறா, எலி, முட்டை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பத்து வருஷம் கழித்துக் கொலம்பியாவில் சின்னப் படங்களுக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த ப்ரக்மேன், அந்தக் கோட்டை எடுத்து 1942-இல் ஸ்டூஜஸுக்கு மாட்டினார். அடுத்த வருஷம் யூனிவர்சலில் 'ஸோ'ஸ் யுவர் அங்கிள்' படத்துக்கும் அதே கோட். லாயிட் பணக்காரர், தன் படங்களில் பெரும்பாலானவற்றின் உரிமையைக் கையில் வைத்திருந்தவர். இரண்டு கம்பெனிகள் மேலும் வழக்குப் போட்டார். யூனிவர்சல் வழக்கு மேல்முறையீடுவரை போய் 1947-இல் லாயிட் பக்கம் தீர்ப்பானது, நஷ்டஈடு 40,000 டாலர். ஒற்றை பிட்டுக்காக வந்த தீர்ப்பாக இதை நினைக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளர்த்த முழுக் காட்சியையும் அப்படியே எடுத்ததுதான் வினை.

அதற்கப்புறம் ப்ரக்மேனுக்கு வாய்ப்புகள் சுருங்கிப்போயின. டிவியில் கீட்டனுக்கும், 'அபட் அண்ட் காஸ்டெல்லோ' தொடருக்கும் எழுதினார். அங்கேயும் பழைய சரக்கைத்தான் தூசி தட்டிக் கொடுத்தார். நான் அவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். பேஸ்பால் ஆடிக்கொண்டே நாலு பேர் சேர்ந்து செய்த காலத்தில் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பழக்கத்தோடு, வக்கீல்கள் நிறைந்த காலத்துக்குள் வந்துவிட்டார். உங்கள் கான்ட்ராக்டில் உங்கள் எழுத்தை நீங்களே பிற்பாடு பயன்படுத்தலாமா கூடாதா என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் கூடாது என்றுதான் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

15. குடி.

'மூவி க்ரேஸி' எடுக்கும்போது ப்ரக்மேன் குடியால் வேலைக்கு வர முடியாத நாள்களில் லாயிடே இயக்கத்தைப் பார்த்துக்கொண்டார். 1935-இல் ஃபீல்ட்ஸை வைத்து எடுத்த 'மேன் ஆன் தி ஃப்ளையிங் ட்ரபீஸ்' அவர் பெயரில் வந்த கடைசி இயக்கம், அப்போது அவருக்கு வயது 41. அறையில் ராத்திரி உட்காருகிற தொழில் இது, பாட்டில் தானாக மேசைக்கு வரும். இதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. 1955 ஜனவரியில் சாந்தா மோனிகாவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

16. மார்க்கெட் போனால் வேலை போகாது.

எம்ஜிஎம்மில் நட்சத்திரமாக இருந்து வீழ்ந்த கீட்டன், 1930-களின் பிற்பகுதியில் அதே எம்ஜிஎம்முக்கு வாரம் 100 டாலர் சம்பளத்தில் பிட் எழுதித்தர வந்தார். மார்க்ஸ் சகோதரர்கள் அவர் சொன்னதை மதிக்கவில்லை. ரெட் ஸ்கெல்டன் மதித்தார். 1948-இல் வந்த 'எ சதர்ன் யாங்கி' பாருங்கள். இரண்டு படைகளும் சுட்டுக்கொண்டிருக்கும் மைதானத்தின் நடுவே ஸ்கெல்டன் நடந்துபோவார். உடையில் ஒரு பாதி வடக்குப் படையின் நீலம், மறுபாதி தெற்கின் சாம்பல். கொடியிலும் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இன்னொன்று. இரண்டு பக்கத்திலும் கைதட்டுகிறார்கள். காற்று திரும்பிக் கொடி புரளும்வரை. பேரே இல்லாமல் கீட்டன் கொடுத்த பிட் அது. 'தி ஜெனரல்' எடுத்தவருக்கு அந்தப் போரில் இன்னும் ஒரு சிரிப்பு பாக்கி இருந்திருக்கிறது.

17. வீட்டுப்பாடம்.

'ஷெர்லாக் ஜூனியர்', 'செவன் சான்சஸ்', 'சேஃப்டி லாஸ்ட்', 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி', 'மூவி க்ரேஸி'. எல்லாம் தேடினால் கிடைக்கின்றன. பின்னணி இசையை அணைத்துவிட்டுப் பாருங்கள், இசை உங்களுக்குப் பதிலாகச் சிரித்துவிடும். ஏதாவது ஒரு காட்சியை ஷாட் ஷாட்டாக எழுதுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே, இது இல்லாவிட்டால் அடுத்தது நடக்குமா என்று ஒரு வரி. மந்திரவாதிக் கோட்டை எடுத்துக்கொள்கிறவர்கள் ஸ்டூஜஸ் வடிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதைக் கழித்தார்கள், எதைக் கூட்டினார்கள் என்று பார்க்கலாம். முடிந்ததும் கொண்டுவாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பேரப்பிள்ளைகள் வந்திருப்பார்கள்.